திடப்படுத்தப்பட்டவர்களுக்கும் ஒரு வகுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் கிறிஸ்தவ விசுவாசத்தின் இன்றைய நிலையைப் பற்றி அடுத்தடுத்து வந்த இரண்டு வாசகர் கடிதங்களைப் படித்தேன். பழைய அஸ்திபாரங்களுக்குத் திரும்ப வேண்டும், முன்னோர்கள் முழங்காலில் நின்ற நாட்கள் மறுபடியும் வர வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பின்னானவைகளை மறந்து முன்னானவைகளை நாடத்தானே பவுல் சொல்கிறார், இன்னும் எத்தனை காலம் ஆரம்பப் பாடத்திலேயே உட்கார்ந்திருப்பது என்று மற்றவர் கேட்டிருந்தார். இரண்டிலும் உண்மையான ஏக்கம் இருந்தது. இரண்டையும் கத்தரித்து வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் எபிரெயர் நிருபத்திலுள்ள ஒரே வசனத்தை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்களோ என்று எனக்குத் தோன்றியது. அந்த வசனத்தோடு மூன்று ஆண்டுகளாக மல்லாடி வருகிறவள் என்பதால் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 66. 31 ஆண்டுகள் திடப்படுத்தல் வகுப்பு எடுத்திருக்கிறேன். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்து தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட ஆயத்தப்படுத்துகிற வகுப்பு அது. பத்துக் கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம் மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்குவார்கள், எந்த வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவுவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும்' என்ற வரியை ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை விட்டுவிடும். நான் விரலை உயர்த்துவேன். அது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் கணவர் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் போதகர் வேதபாகம் வாசித்து முடித்த பிறகு எல்லோரும் விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். நானும் சொன்னேன். 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்ற இடம் வந்தபோது என் வாய் நின்றுவிட்டது. அழுகையினால் அல்ல. பெட்டி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிக்கும் என் வாயிலிருந்த அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் எதுவுமே இல்லை என்று அப்போதுதான் கண்டேன். நான் அதை மறுக்கவில்லை. இன்றைக்கும் இதைச் சரியாகச் சொல்ல வரவில்லை. மறுக்கவில்லை, ஆனால் அதன்மேல் நிற்க முடியவில்லை. 31 வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வரி அது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஜெபிக்க வரவில்லை. அன்புள்ளவர்கள் என்னை விசேஷக் கூட்டங்களுக்கு அழைத்துப்போனார்கள். மறுபடியும் ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார்கள். மூன்று நாளும் எழுந்து நின்றேன். மூன்று நாளும் போன மாதிரியே வீடு திரும்பினேன். அந்தக் கூட்டங்களைக் குறையாகச் சொல்லவில்லை. எத்தனையோ பேருக்கு வாழ்க்கை அங்கேதான் தொடங்கியிருக்கிறது. எனக்குத் தேவைப்பட்டது தொடக்கம் அல்ல, அவ்வளவுதான். நான் சிறுபிள்ளையிலேயே தொடங்கிவிட்டேன். தொடங்கின இடத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குப் பின் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

அந்த நாட்களில்தான் எபிரெயர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் கண்ணில் பட்டது. காலத்தைப் பார்த்தால் நீங்கள் போதகராயிருக்க வேண்டியவர்கள், ஆனால் மூல உபதேசங்களையே உங்களுக்கு மறுபடியும் உபதேசிக்க வேண்டியதாயிருக்கிறது என்கிறார் நிருபத்தை எழுதியவர். இதை நான் எத்தனையோ முறை மற்றவர்களைப் பற்றிய வசனமாக வாசித்திருக்கிறேன். அன்றைக்கு அது என் பெயர் எழுதின கடிதம்போல இருந்தது. நான் போதிக்க வேண்டியவள் மட்டுமல்ல, போதித்துக்கொண்டே இருந்தவள். எனக்குத்தான் மறுபடியும் யாராவது சொல்லித்தர வேண்டியிருந்தது.

அடுத்த அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களைத்தான் உங்கள் வாசகர்கள் இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூல உபதேச வசனங்களை விட்டு, அஸ்திபாரத்தை மறுபடியும் போடாமல், பூரணராகும்படி கடந்துபோவோமாக என்று அங்கே வருகிறது. 'பார்த்தீர்களா, விட்டுவிடத்தான் சொல்கிறது' என்பார் ஒருவர். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் அரிச்சுவடியை விட்டு வாசிப்புப் புத்தகத்துக்குப் போகிற பிள்ளை எழுத்துகளை மறந்துவிட்டா போகிறது? எழுத்துகளைக் கொண்டுதானே வாசிக்கிறது. முந்தின அதிகாரத்தில் 'மூல உபதேசங்கள்' என்று வருகிற இடத்திலுள்ள கிரேக்கச் சொல்லுக்கே ஆரம்பப் பாடங்கள், அடிப்படைகள் என்ற பொருள் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மேலும், மறுபடியும் போட வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறது. மறுபடியும் பார்க்க வேண்டாம் என்று எழுதவில்லை. ஒவ்வொரு வருடமும் அஸ்திபாரத்தைத் தோண்டி எடுத்துப் புதிதாகப் போடுகிறவன் சுவர் எழுப்பப் போவதில்லை. விரிசல் விட்ட பிறகும் குனிந்து பார்க்காதவனுக்கு எழுப்பின சுவரே நிலைக்காது. முதலாவது சொன்ன மனிதரைக் கூட்டங்களில் பார்த்தேன். இரண்டாவது ஆள் நான்.

அந்த வசனத்தில் இன்னொரு காரியம் உண்டு. வேதாகமக் கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி எனக்கு விளக்கிச் சொன்னது. 'கடந்துபோவோமாக' என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருக்கிற வினை, செயப்பாட்டு வினை. 'கொண்டுசெல்லப்படுவோமாக' என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தில் பவுல் ஏறின கப்பல் பெருங்காற்றில் அகப்பட்டு அதன் போக்கிலே கொண்டுபோகப்பட்டது என்று வருகிற இடத்திலும் இதே வினைதான். தேவனுடைய மனிதர்கள் பரிசுத்த ஆவியினால் ஏவப்பட்டுப் பேசினார்கள் என்று பேதுரு எழுதுகிற இடத்திலும் இதே வினை. இதைக் கேட்ட அன்று இரவு, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரே ஒரு வாக்கியம் ஜெபித்தேன். முன்னேற எனக்குச் சத்துவம் இல்லை, என்னைத் தூக்கிக்கொண்டு போம் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அது போதுமாயிருந்தது.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து அந்த வசனங்களில் அஸ்திபாரம் என்று சொல்லப்பட்ட ஆறையும் எழுதினேன். செத்த கிரியைகளுக்கு நீங்கலாகும் மனந்திரும்புதல், தேவன்பேரில் வைக்கும் விசுவாசம், ஸ்நானங்களுக்கடுத்த உபதேசம், கைகளை வைத்தல், மரித்தோரின் உயிர்த்தெழுதல், நித்திய நியாயத்தீர்ப்பு. ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வி: இதன்மேல் நான் நிற்கிறேனா, அல்லது இதைப் பற்றிச் சொல்ல மட்டும் எனக்குத் தெரியுமா?

முதலாவதிலேயே அகப்பட்டுக்கொண்டேன். செத்த கிரியை என்றால் பாவச் செயல் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆனால் ஜீவனில்லாத நல்ல செயலும் செத்த கிரியைதானே? பரணிலிருந்து 31 வருடத்து வருகைப் பதிவேடுகளையும் இறக்கினேன். என் கையெழுத்தில் வரிசையாகப் பெயர்கள், வந்தவர், வராதவர், ஒப்புவித்தவர், ஒப்புவிக்காதவர். எண்ணிப் பார்த்தேன், 583 பெயர்கள். அவர்களில் எத்தனை பேருக்காகப் பெயர் சொல்லி ஜெபித்திருப்பேன் என்று யோசித்தேன். தேர்வில் தவறிவிடக் கூடாது என்று மொத்தமாக ஜெபித்தது உண்டு. தனியாக ஜெபித்தது இருபது பேருக்குக்கூட இருக்காது. வகுப்பு ஒழுங்காக நடந்தது, யாரும் குறை சொன்னதில்லை. பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் மனந்திரும்பின நாள் அது. அன்று முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெயராக முதல் பதிவேட்டிலிருந்து ஜெபிக்கத் தொடங்கினேன். முடிக்க ஏறக்குறைய நான்கு மாதம் ஆனது. ஒன்பதாவது பதிவேட்டில் ஒரு பெயரில் மூன்று நாள் நின்றுவிட்டேன். அந்தப் பெயரைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்கு எழுதப்பட்ட கடிதம் அப்போது எனக்கு வேறு மாதிரி புரிந்தது. ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்று குறை சொன்ன கர்த்தர், அந்த அன்பை மறுபடியும் உணரு என்று கட்டளையிடவில்லை. எந்த நிலைமையிலிருந்து விழுந்தாய் என்று நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்கிறார். உணர்ச்சி வரட்டும் என்று காத்திருந்தால் நான் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பேன். ஐந்து பெயர் சொல்வதற்கு உணர்ச்சி தேவைப்படவில்லை.

ஞானஸ்நானத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அதில் சபைகளுக்குள் இருக்கிற வேறுபாடுகள் உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்ததே. அந்த விவாதத்தில் எனக்குக் கருத்து உண்டு, ஆனால் இந்தக் கடிதத்துக்கு அது தேவையில்லை. கைகளை வைத்தல் என்பது பேராயர் திடப்படுத்தும்போது செய்கிற ஒரு சடங்கு என்றே இருந்துவிட்டேன். கணவர் இறந்த வாரத்தில் எங்கள் சபையின் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வயதான அம்மா வந்தார்கள். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. என் தலைமேல் கையை வைத்தார்கள். எடுக்கவேயில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து போனார்கள். அந்தக் கையின் பாரம் எனக்கு இன்னும் இருக்கிறது. 'நீ தனி ஆள் இல்லை' என்பதை ஒரு சரீரம் இன்னொரு சரீரத்துக்குச் சொல்கிற விதம் அது என்று நோட்டில் எழுதிவைத்தேன். பிள்ளைகள் விட்டுவிடுகிற 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும்' என்ற வரியை அதன் பக்கத்திலேயே எழுதினேன்.

உயிர்த்தெழுதலில் ஏழு மாதம் இருந்தேன்.

அதில் முதலில் எனக்கு ஆறுதல் தந்தது, இந்த வரி ஆதியிலிருந்தே கடினமாகத்தான் இருந்திருக்கிறது என்பது. அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசியதை அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர்கள், மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்றவுடன் சிலர் பரிகாசம் பண்ணினார்கள். கொரிந்து சபைக்குள்ளேயே உயிர்த்தெழுதல் இல்லையென்று சொல்கிறவர்கள் இருந்தார்கள். கிறிஸ்து எழுந்திராவிட்டால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுல் அங்கே எழுதுகிறார். தன் அஸ்திபாரம் எங்கே உடையக்கூடும் என்பதைத் தானே விரல் வைத்துக் காட்டுகிற மனிதர் அவர். ஐந்நூறுக்கு அதிகமான சகோதரர்கள் ஒரே வேளையில் கண்டார்கள், அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள் என்று எழுதினபோது, போய்க் கேட்டுப் பாருங்கள் என்று சொல்வது போலத்தான் இருந்திருக்கும். அந்த நிருபம் ஏறக்குறைய கி.பி. 55இல் எழுதப்பட்டது என்கிறார்கள். கர்த்தர் மரித்து ஏறக்குறைய 25 வருடம்தான் ஆகியிருந்தது. என் முதல் பதிவேடு அதைவிடப் பழையது. முதல் பதிவேட்டுப் பிள்ளைகளின் முகங்கள் எனக்கு இன்னும் தெளிவாக நினைவிருக்கின்றன. அப்படியென்றால் அந்தச் சாட்சிகளுக்கு எவ்வளவு தெளிவாக இருந்திருக்கும்!

மரித்தோர் எப்படி எழுந்திருப்பார்கள், எப்படிப்பட்ட சரீரத்தோடே வருவார்கள் என்று ஒருவன் கேட்டால், என்று பவுல் ஆரம்பிக்கிறார். 'புத்தியீனனே' என்று கடிந்துகொள்ளவும் செய்கிறார். ஆனால் கடிந்த பிறகு விட்டுவிடவில்லை. விதையையும் பயிரையும் காட்டி, சூரியனையும் சந்திரனையும் நட்சத்திரங்களையும் காட்டி, இருபது வசனத்துக்கு மேல் பொறுமையாகப் பதில் சொல்கிறார். அதை வாசித்தபோது ஒன்பதாவது பதிவேட்டுப் பெயர் மறுபடியும் என் முன்னால் வந்து நின்றது.

அதற்குப் போகும் முன், இந்தக் கடிதத்தை எழுதின காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பின யூதர்கள் எருசலேமில் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டபோது, முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் மகா சத்தமாய் அழுதார்கள், மற்றவர்கள் கெம்பீரித்தார்கள், எது எந்தச் சத்தம் என்று பகுத்தறிய முடியவில்லை என்று எஸ்றாவின் புத்தகம் சொல்கிறது. உங்கள் பக்கத்தில் வந்த இரண்டு கடிதங்களும் எனக்கு அந்த இரண்டு சத்தங்களாகவே கேட்டன. ஆனால் அதற்குப் பின் நடந்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. எதிர்ப்பு வந்தது, வேலை நின்றது. ஏறக்குறைய 16 வருடம் அந்த அஸ்திபாரம் அப்படியே வெயிலிலும் மழையிலும் கிடந்தது. ஜனங்கள் தங்கள் தங்கள் வீடுகளைக் கவனித்துக்கொண்டார்கள். கி.மு. 520இல் ஆகாய் தீர்க்கதரிசி வந்து பேசினார். ஆறாம் மாதம் முதல் தேதியில் பேசினார், அதே மாதம் 24ஆம் தேதி வேலை தொடங்கிவிட்டது. 16 வருடம் கிடந்ததற்கு 23 நாளில் பதில் வந்தது. அவர்களில் யாரும் அஸ்திபாரத்தை வேண்டாம் என்று சொன்னதில்லை. போட்டதோடு இருந்துவிட்டார்கள். திடப்படுத்தப்பட்ட நாளோடு இருந்துவிட்ட எத்தனை பேர் நம் ஆலயங்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம்!

சபைகளில் குழந்தைகளுக்கு ஞாயிறு பள்ளி இருக்கிறது. பதினான்கு, பதினைந்து வயதுக்குத் திடப்படுத்தல் வகுப்பு இருக்கிறது. திருமணத்துக்கு முன் ஆலோசனை வகுப்பு நடத்துகிற சபைகளும் உண்டு. அதற்குப் பிறகு அடக்க ஆராதனை வரைக்கும் ஒரு மனிதன் 'எனக்கு இது புரியவில்லை' என்று வாய் திறந்து கேட்க ஓர் இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் யாரும் கை தூக்க முடியாது. அதிலும் சபைப் பொருளாளராக, பாடகர் குழுத் தலைவராக, என்னைப்போல ஆசிரியராக இருப்பவர் எப்படிக் கேட்பார்? அவரிடம் அல்லவா மற்றவர்கள் கேட்க வருகிறார்கள்?

ஆகையால் போதகர்களையும் மூப்பர்களையும் உங்கள் பத்திரிகை மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன். திடப்படுத்தப்பட்டு இருபது, முப்பது, நாற்பது வருடம் ஆனவர்களுக்கு ஒரு வகுப்பு தொடங்குங்கள். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், தேர்வு வேண்டவே வேண்டாம். பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் தொடங்கின வகுப்புக் கூட்டங்களும் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் கொண்டவைதான். கட்டடக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலிப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. வசூலிக்கப் போனவர்கள் ஒவ்வொருவருடைய ஆத்துமாவும் எப்படியிருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். அதுவே அந்த இயக்கத்துக்கு முதுகெலும்பானது. நம்மில் யாருடைய ஆத்துமாவையாவது கடைசியாக எப்போது விசாரித்தோம்?

இது படிக்காதவர்களுக்கான வகுப்பு என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. 1528இல் ஜெர்மனியின் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடப் போன சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர், ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபமே தெரியவில்லை என்று மனம் நொந்து, மறு ஆண்டில் சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலை எழுதினார். அது பலருக்கும் தெரியும். பெரிய ஞானோபதேசத்தின் முன்னுரையில் அவர் தன்னைப் பற்றி எழுதியதை நான் அண்மையில்தான் வாசித்தேன். நான் வேதபண்டிதன், பிரசங்கி, ஆனாலும் காலையில் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் ஒரு குழந்தையைப்போல வார்த்தை வார்த்தையாகச் சொல்கிறேன், நான் ஞானோபதேசத்தின் மாணவனாகவே இருக்க வேண்டும், இருக்கவும் விரும்புகிறேன் என்று அதில் சொல்கிறார். எழுதினவரே மாணவராக இருக்கிறார் என்றால் ஆசிரியையாகிய நான் எம்மாத்திரம்?

எங்கள் போதகரிடம் இதைச் சொன்னேன். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒன்பது பேரோடு தொடங்கினோம். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். மனப்பாடமாகத் தெரிந்த பதிலைச் சொல்வதற்கு முன், அதன்மேல் நிற்க முடிகிறதா இல்லையா என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் மாதத்தில், நாற்பது வருடம் சபைக் குழுவில் இருந்த ஒரு பெரியவர், 'நான் இதுவரைக்கும் என் சொந்த வார்த்தையில ஜெபம் பண்ணினதே இல்ல' என்றார். யாரும் பேசவில்லை. இப்போது பண்ணுகிறார். மூன்று நான்கு வாக்கியம்தான், நடுவில் தடுமாறுவார். அவருடைய ஜெபத்துக்காகவே நான் அந்த வகுப்புக்கு ஆவலோடு போகிறேன்.

முன்னேறுவது என்றால் என்ன என்று கேட்டிருந்த வாசகருக்கு இதையும் சொல்ல வேண்டும். எபிரெயர் ஆறாம் அதிகாரம், கடந்துபோவோமாக என்று சொன்ன பிறகு எங்கே கொண்டுபோகிறது என்று பாருங்கள். அஸ்திபாரத்துக்கு மேலே புதிய இரகசியங்கள் எதையும் அங்கே அடுக்கவில்லை. பத்தாம் வசனத்தில், நீங்கள் பரிசுத்தவான்களுக்கு ஊழியஞ்செய்ததையும் செய்துவருவதையும், அந்த அன்பையும், மறந்துவிட தேவன் நீதிகேடுள்ளவரல்ல என்று வருகிறது. எழும்புகிற சுவர் அதுதான். எங்கள் ஒன்பது பேரில் இரண்டு பேர் இப்போது வாரந்தோறும், நடக்க முடியாமல் ஆலயத்துக்கு வர முடியாதவர்களின் வீடுகளுக்குப் போகிறார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. கைகளை வைத்தலைப் பற்றிப் பேசின வாரத்துக்கு அடுத்த வாரம் தாங்களாகவே தொடங்கினார்கள்.

கர்த்தர் பேதுருவைத் திரும்ப எடுத்துக்கட்டின விதத்தையும் இங்கே நினைக்கிறேன். யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே இயேசுவை மறுதலித்த பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில். இன்னொன்று, உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் போட்டுவைத்திருந்தது. புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடத்தில் மட்டுமே உண்டு. எந்த நெருப்பருகே விழுந்தானோ அதேபோன்ற நெருப்பருகே கொண்டுவந்து உட்காரவைத்து, மறுதலித்தது மூன்று தரமானபடியால் மூன்று தரம் கேட்டார். நேசிக்கிறாயா என்று. அவன் துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் என் ஆடுகளை மேய்ப்பாயாக என்றார், கடைசியில்தான் என்னைப் பின்பற்றி வா என்றார். விழுந்த இடத்துக்குப் போகாமல் அவனை அனுப்பவில்லை.

நான் விழுந்த இடம் ஒன்பதாவது பதிவேட்டில் இருந்தது.

25 வருடத்துக்கு முன்னால், விசுவாசப் பிரமாணத்தின் கடைசிப் பகுதியை நடத்தி முடித்த ஒரு மாலை. பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு பெண் மட்டும் நின்றாள். பதினான்கு வயது. அவளுடைய தம்பி நான்கு வயதில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. 'டீச்சர், உயிர்த்தெழும்போது என் தம்பி எந்த வயசுல இருப்பான்? எனக்கு அவன அடையாளம் தெரியுமா?' என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம், கூட உட்கார்ந்திருக்கலாம். 'அடுத்த வாரம் ஒப்புவிக்கணும், முதல்ல அத நல்லா மனப்பாடம் பண்ணு, அப்புறம் சொல்றேன்' என்றேன். அவள் அடுத்த வாரம் ஒரு பிழையில்லாமல் ஒப்புவித்தாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'மிக நன்று' என்று எழுதியிருக்கிறேன். அப்புறம் நான் சொல்லவேயில்லை.

பவுல் கடிந்துகொண்டாலும் பதில் சொன்னார். நான் கடிந்துகொள்ளவுமில்லை, பதில் சொல்லவுமில்லை.

உயிர்த்தெழுதலோடு இருந்த ஏழாம் மாதத்தில் விசாரித்து அவளுடைய தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்தேன். இப்போது அவளுக்கு 39 வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். என் பெயரைச் சொன்னதும் சந்தோஷமாக, 'டீச்சர்!' என்றாள். நான் நலம் விசாரிக்கவில்லை, விசாரிக்க ஆரம்பித்தால் சொல்லாமலே விட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது. 'உனக்கு ஒரு பதில் சொல்லாம விட்டிருக்கேன்' என்றேன். எதிர்முனையில் சத்தம் நின்றுவிட்டது. எந்தப் பதில் என்று அவள் கேட்கவில்லை.

'அதுக்கப்புறம் நான் அத யார்கிட்டயும் கேக்கல டீச்சர்' என்றாள் கடைசியில்.

எந்த வயதில் இருப்பான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, அதை முதலில் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உயிர்த்தெழுந்த கர்த்தருடைய சரீரத்தில் ஆணிக்காயம் இருந்தது, தோமா அதைக் கண்டான், ஆகையால் அது வேறொரு சரீரம் அல்ல, அதுவேதான். ஆனால் தோட்டத்தில் மகதலேனா மரியாள் அவரைப் பார்த்தும் அவர்தான் என்று அறியவில்லை, தோட்டக்காரர் என்று எண்ணிப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார், அப்போது தெரிந்துகொண்டாள். உன் தம்பி உன்னை எப்படிக் கூப்பிடுவான் என்று கேட்டேன்.

அவள் அந்தப் பெயரைச் சொன்னாள். 25 வருடமாக அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை என்றாள். பிறகு இருவரும் விசுவாசப் பிரமாணத்தைத் தொலைபேசியிலேயே முதலிலிருந்து சொன்னோம். அந்த இடத்தில் என் வாய் நிற்கவில்லை.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருந்து, இப்போது மாணவியாக இருக்கும் ஒரு வாசகி